வரைந்தவர் நாற்காலி

அடுத்தவர் சமைத்த விருந்தில் முதல் இலையில் உட்காருவது சிலருக்குக் கைவந்த கலை. ரயில் எஞ்சினுக்கு மோட்டார் செய்யும் ஆலையின் பொது மேலாளர் கோதண்டபாணி அப்படிப்பட்டவர். புதிய டி.சி. மோட்டாரை ராப்பகலாக மண்டையை உடைத்து வடிவமைத்தவள் அங்கே வேலை பார்க்கும் இளம் பொறியாளர் மரியசெல்வி. ஆனால் டெல்லியிலிருந்து ரயில்வே அதிகாரிகள் பார்க்க வந்ததும், மார்தட்டியவர் கோதண்டபாணி.

"இது நான் வரைஞ்ச மோட்டார்! ஏம்மா, சுமை எதுவும் பூட்டாம முழு வோல்டேஜ்ல ஓட்டு. இதோட வேகத்தை எல்லாரும் பார்க்கட்டும்."

"ஆகட்டும் சார்" என்று மரியசெல்வி மோட்டாரை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டாள். "முதல் ஓட்டத்துல வரைஞ்சவர்தான் பக்கத்துல உட்காரணும். டிசைன்காரங்க வழக்கம் சார்." பிறகு அதிகாரிகளைப் பார்த்து, "நீங்கல்லாம் அந்தச் சுவருக்குப் பின்னால போயிடுங்க" என்றாள். அவர்களும் போனார்கள்.

பாதி உட்கார்ந்த கோதண்டபாணி எழுந்தார். "அவங்க ஏன் போகணும்?"

"சுமையில்லாம விட்டா இந்த வகை மோட்டார் வேகம் ஏறிக்கிட்டே போய்ச் சிதறிடும். வரைஞ்ச உங்களுக்குத் தெரியாததா சார்?"

அவர் நாற்காலியை விட்டு நாலடி பின்வாங்கினார். "ஐயையோ! வரைஞ்சது இந்தப் பொண்ணுதாங்க!"

சுவருக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வெடித்தது.

மரியசெல்வி தொழிலாளர்களிடம் மோட்டாரோடு சுமையைப் பூட்டச் சொன்னாள். பூட்டியதைத் தானே ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப ஓட்டுங்க!"