முனை முறிந்த அரிவாள்

பட்டயங்களை, அதாவது வாள்களை, மண்வெட்டிகளாகவும் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிக்கிற காலம் வரும் என்று வேதத்தில் இருக்கிறது. வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். சீயோன்விளையில் அதைச் செய்தே பார்த்தார்கள். என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். முடிவில் ஒரு கேள்வி உண்டு.

அந்த ஊரில் கோயில் ஒன்று, தெரு இரண்டு. சபைத் தேர்தலில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் பகை. கர்த்தருக்கு ஊழியம் செய்ய அத்தனை போட்டி. அதில் கீழத்தெரு மாசிலாமணியைப் பனங்காட்டில் யாரோ வெட்டிப்போட்டார்கள். அரிவாளின் முனை அவன் தோள் எலும்பில் முறிந்து நின்றது. டாக்டர் அதை எடுத்துக் கோர்ட்டில் காட்டினார். மீதி அரிவாள் அகப்படவில்லை.

முந்தின நாள் சந்தையில் மாசிலாமணியோடு சண்டை போட்டவன் மேலத்தெரு யேசுவடியான். அரிவாளைக் கடலில் எறிந்துவிட்டான் என்று சொல்லி அவனுக்கு ஆயுள் தண்டனை போட்டார்கள். அவன் வெட்டவில்லை. அவன் மனைவி செல்வபாய் ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தாள். பெண்டாட்டி வேறு என்ன சொல்வாள் என்று விட்டுவிட்டார்கள்.

பகை நிற்கவில்லை. புதிதாக வந்த பாதிரியார் அறுப்பின் பண்டிகையன்று அந்த வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தார். பீடத்தின் முன்னால் ஒரு சாக்கை வைத்தார். எல்லாரும் அரிவாளைக் கொண்டுவந்து போடுங்கள், ஆசாரியிடம் கொடுத்து மண்வெட்டியாக அடிப்போம் என்றார்.

பின்வரிசையில் ஒருத்தன் எழுந்தான். “ஐயா, வேதத்துல ஈட்டியத்தான அரிவாளா அடிக்கச் சொல்லியிருக்கு? நம்ம ஊருல அரிவாளே ஈட்டி வேலையும் சேத்துப் பாக்குது. அதுக்கு வசனம் இருக்கா?”

கோயில் சிரித்தது. ஒருவரும் அரிவாள் கொண்டுவரவில்லை.

பாதிரியார் வேதத்தின்மேல் கைவைத்தார். “இந்தச் சாக்கில் விழுகிற அரிவாள் யாருடையது என்று நான் பார்க்கமாட்டேன். யாரும் கேட்கவும் விடமாட்டேன். தேவசந்நிதியில் நான் கொடுக்கிற வாக்கு இது.”

அந்த வாக்கை நம்பித்தான் அரிவாள்கள் வந்தன. வாக்கு இல்லாவிட்டால் ஒன்றுகூட வந்திராது. இதைக் கவனத்தில் வையுங்கள். சாக்கு நிறைந்தது. அன்றைக்கு இரண்டு தெருக்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சாக்கு பேச்சிமுத்து ஆசாரியின் பட்டறைக்குப் போனது. அவர் உலையில் போடுமுன் பிடிகளைக் கழற்ற உட்கார்ந்தார். ஓர் அரிவாளுக்கு முனை இல்லை. பிடியில் சூடுபோட்டு எழுதியிருந்த பெயர் அதிசயம். மேலத்தெருவின் பெரிய கை அவன். தன் தெருக்காரன் ஜெயிலுக்குப் போவதை வேடிக்கை பார்த்தவன். உலையில் போனால் ஒழிந்தது என்று நினைத்திருப்பான்.

ஆசாரி அதைப் பாதிரியாரிடம் கொண்டுபோனார். “சாமி, இத என்ன செய்ய?”

பாதிரியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அடிச்சிருங்க ஆசாரியாரே.”

ஆசாரி அடிக்கவில்லை. போலீசுக்குச் சொல்லவும் துணிவில்லை. செல்வபாய் வீட்டு வாசலில் போய் நின்றார். “தாயி, அதிசயம் பேரு போட்ட அரிவா ஒண்ணு, முனை முறிஞ்சது, பட்டறையில கெடக்கு. விடிஞ்சா உலையில போட்டிருவேன். பட்டறைக்குக் கதவு கெடையாது.” அவ்வளவுதான். நடையைக் கட்டினார்.

அவள் முதலில் போனது பாதிரியாரிடம்.

“ஐயா, நீங்களே எடுத்துக் குடுத்திருங்க. நான் எடுத்தா திருட்டும்பாங்க.”

“வாக்குக் குடுத்துட்டேனேம்மா. இத மீறினா இனி இந்த ஊர்ல ஒருத்தனும் அரிவாளக் கீழ வைக்கமாட்டான். மறுபடி வெட்டு விழும். நீ கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“பொறுக்கது நானா? ஜெயில்ல கெடக்க மனுசன்லா பொறுக்காரு.” அவள் விடவில்லை. “நீங்க பிரசங்கம் பண்ணின வசனம் எப்படி ஆரம்பிக்கி, சொல்லுங்க.”

பாதிரியார் வேதத்தை எடுத்துப் புரட்டினார்.

“நானே சொல்லுதேன். மொதல்ல கர்த்தரு நியாயந்தீர்ப்பாரு. அதுக்குப் பொறவுதான் பட்டயத்த அடிக்கது. நீங்க நியாயத்த விட்டுட்டு நேரா சம்மட்டியத் தூக்கிட்டீங்க.”

இருட்டுமுன் பட்டறைக்குப் போய் அரிவாளை எடுத்து முந்தானையில் சுற்றினாள். மறுநாள் திருநெல்வேலியில் வக்கீல் மேசைமேல் வைத்தாள். கோர்ட்டில் இருந்த முனை அதில் பொருந்தியது. யேசுவடியான் வெளியே வந்தான். அதிசயம் உள்ளே போனான்.

பாதிரியார் பயந்ததும் நடந்தது. ஜெயிலில் இருந்த அதிசயம் கைக்கு எட்டவில்லை. மாசிலாமணியின் ஆட்கள் அதிசயத்தின் மகனை வெட்டினார்கள். மாசிலாமணி கொலை நடந்தபோது வெளியூரில் படித்துக்கொண்டிருந்த பையன். லீவுக்கு வந்திருந்தான். பிழைக்கவில்லை. இரண்டு தெருவும் புது அரிவாள் செய்யச் சொன்னது. பேச்சிமுத்து ஆசாரி செய்து கொடுத்தார்.

பாதிரியார் வாக்கைக் காத்தார். ஆசாரி சேதியைச் சொல்லிவிட்டு ஒதுங்கினார். செல்வபாய் அரிவாளை எடுத்துப்போனாள். மூவரில் யார் செய்தது சரி?

யோசித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

விடை: செல்வபாய். பாதிரியார் காத்தது வாக்குத்தான், ஆனால் அதற்கு ஈடாக வைத்தது இன்னொருவன் ஆயுளை. அதை வைக்க இவர் யார்? தேவனுடைய வார்த்தையை இருபுறமும் கருக்குள்ள பட்டயத்துக்கு ஒப்பிட்டிருக்கிறது. மனுஷன் கொடுக்கிற வார்த்தையும் அப்படித்தான். மறுபக்கக் கருக்கு யார் கழுத்தில் படுகிறது என்று பார்க்காமலே அவர் வீசினார். ஆசாரி தன் பாரத்தை ஒரு பெண்ணின் தலையில் இறக்கிவிட்டுத் தொழிலுக்குத் திரும்பினார். பையனின் பழி? வெட்டினவன் கையில் இருக்கிறது. அவள் கையில் தேடாதீர்கள்.

இதைச் சீயோன்விளையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். கோயிலில் செல்வபாய் உட்காருகிற இடத்தைச் சுற்றி இப்போது எந்தப் பெண்ணும் உட்காருவதில்லை. மேலத்தெருக்காரியும் இல்லை, கீழத்தெருக்காரியும் இல்லை. இன்றைக்கு இரண்டு தெருவும் ஒத்துப்போகிற ஒரே காரியம் அதுதான்.