வேலம்மைக்கு இரண்டு கோடு

கொள்ளிடத்தின் நடுவே ஒரு திட்டு. அங்கே நப்பின்னை அம்மாள் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார். அவருக்கு வயது முப்பத்தாறு. சீடர்களில் மூத்தவரான மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு. வயதைப் பற்றி இருவரும் கவலைப்பட்டதில்லை. மாசிலாமணிக்குக் கவலைப்பட வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

ஆடி மாதத்திலிருந்து அவரை ஒரு சந்தேகம் அரித்தது. இந்தப் பக்கம் சில பெயர்கள், அந்தப் பக்கம் சில பொருள்கள். நடுவே கோடு போட்டால் அது உறவு. உறவுகளில் சிலவற்றுக்கு மட்டும் சார்பு என்று பெயர்.

"எது சார்பு, எது வெறும் உறவுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"பார்த்துக்கலாம்" என்றார் குரு.

ஐப்பசி பிறந்தும் பார்த்தபாடில்லை. அதற்குள் வெள்ளம் வந்துவிட்டது.

மேற்கே தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று காலையில் தகவல் வந்தது. மதியத்துக்குள் படித்துறையின் நாலு படி முழுகிப்போயின. கரையில் மூன்று படகுகள் நின்றன. யார் எதில் ஏறுவது என்று எழுதும் வேலை மாசிலாமணியிடம் வந்தது. சிலேட்டில் இடப்பக்கம் ஆட்களையும் வலப்பக்கம் படகுகளையும் எழுதிக் கோடு போட்டார். பிறகு முதல் இரண்டு படகுக்காரர்களுக்கும் ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, குருவிடம் ஓடினார். குரு ஓலைக்கட்டுகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, தப்பாப் போட்டுட்டேன்னு தோணுது. முதல் படகுக்குப் பதினோரு பேர் போறாங்க."

"படகு தாங்குமா?"

"தாங்கும்."

"அப்ப என்ன?"

"மூணாவது படகுக்குக் கோடே போகலம்மா. சும்மா நிக்குது."

"நிக்கட்டும். படகு கோவிச்சுக்காது."

மாசிலாமணிக்கு மனசு ஆறவில்லை. மேலும் கேட்பதற்குள், அஞ்சாவது படியும் போச்சு என்று யாரோ கத்தினார்கள்.

முதல் படகு கிளம்பிற்று. ஓட்டியவர் சூசை. குருவும் மாசிலாமணியும் இரண்டாவது படகில் ஏறினார்கள். படகுக்காரர் காத்தான் கயிற்றை அவிழ்த்தார். மாசிலாமணி சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"கொடுங்க, பார்ப்போம்" என்றார் குரு.

கோடுகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். வேலம்மை. மாசிலாமணியின் மனைவி. திட்டில் எல்லோருக்கும் சமைத்துப் போடுகிறவர். அவருக்குக் காது அறவே கேட்காது.

"வேலம்மை எங்கே?"

"முதல் படகுலம்மா. சூசை ஏத்தியிருப்பாரு."

குரு காத்தானைப் பார்த்தார்.

"அவங்க பேரு என் சீட்டுலயும் இருந்துச்சு. ஆளைக் காணோம். சரி, சூசை படகுல ஏறிட்டாங்கன்னு நினைச்சேன்" என்றார் காத்தான். உடனே கையைக் குவித்துக் கூப்பிட்டார். "சூசை! வேலம்மை அக்கா இருக்காங்களா?"

ஆற்றின் மேலிருந்து பதில் வந்தது.

"உங்க படகுலதானே வர்றாங்க!"

மாசிலாமணி படகிலிருந்து குதித்தார். முழங்கால் வரை தண்ணீர். வேட்டி காலைச் சுற்றியது. கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரிந்தும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். சமையற்கட்டு திட்டின் மறுகோடியில் இருந்தது. அவ்வளவு தூரம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அங்கே அடுப்பு அணைந்து கரி மிதந்துகொண்டிருந்தது. வேலம்மை அடுப்பு மேடையின் மேல் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

"கூப்பிட ஆள் வரும், உட்காருன்னு கை காட்டுனீங்களே" என்றார். "யாரும் வரலை."

மாசிலாமணி அவர் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு திரும்பினார். படித்துறையே கண்ணுக்குத் தெரியவில்லை. காத்தான் படகு நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது படகு மட்டும் புங்க மரத்தில் கட்டிக் கிடந்தது. படகுக்காரர் துடுப்போடு தயாராக இருந்தார். காத்தானை அனுப்பிவிட்டு, குரு இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

படகு நகர்ந்தது. திட்டின் கூரைகள் சிறுத்துக்கொண்டே போயின.

"அவளுக்கு மட்டும் ரெண்டு கோடு போட்டேம்மா" என்றார் மாசிலாமணி. "காது கேக்காதவ. ஒருத்தர் விட்டாலும் இன்னொருத்தர் ஏத்திக்குவாங்கன்னு நினைச்சேன். பிரியத்துலதாம்மா போட்டேன்."

"தெரியும்" என்றார் குரு. "அதனாலதான் அது உறவு."

வேலம்மை இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் கணவரின் ஈர வேட்டியைப் பிழிந்துவிட்டார். அவருடைய இன்னொரு கையை மாசிலாமணி விடவேயில்லை.

குருவின் மடியில் இருந்த சிலேட்டை மாசிலாமணி எடுத்தார். தண்ணீர் பட்டு எல்லாக் கோடுகளும் அழிந்திருந்தன.

"சார்புன்னா எப்படிம்மா போட்டிருக்கணும்?"

குரு அவர்கள் இருவரின் கைகளையும் பார்த்தார்.

"வேலம்மை இப்ப எங்கேன்னு யாராவது கேட்டா, எத்தனை பதில் சொல்வீங்க?"

மாசிலாமணி ஈரச் சிலேட்டில் விரலால் வேலம்மை என்று எழுதி, அதிலிருந்து ஒரே ஒரு கோடு போட்டார்.