மெத்தைக் கடைக்காரர்கள் பில் காட்டிய கதை

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு, சத்தியமாக உண்டு. ஆனால் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடியாது. அதற்கு முன்னால் ஆடிட்டர் உலகநம்பிக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும். அவருக்கோ ஆறு மாதமாகத் தூக்கமில்லை. தூங்காத மனுஷனுக்கு எதுவும் சீக்கிரம் புரியாது. ஆகவே வாயை இறுக்கி மூடிக்கொண்டு கொஞ்சம் பொறுங்கள்.

தூக்கம் போனதற்குக் காரணம் எலி. அப்படித்தான் அவர் நினைத்தார். படுக்கையில் இடப்பக்கம் புரண்டால் சரசர. வலப்பக்கம் புரண்டால் சரசர. கட்டை மாதிரி கிடந்தால் சத்தமே இல்லை.

"பாரு மங்களம், நான் அசைஞ்சா அசையுது, நான் கம்முனு கிடந்தா அதுவும் கம்முனு கிடக்குது. என்ன ஒரு கெட்டிக்கார எலி!" என்று மனைவியிடம் வியந்தார். எலிப்பொறி வைத்தார்; அதில் அவர் கால் கட்டைவிரல் மாட்டியது. பூனை வாங்கினார், அது மெத்தையில் ஏறி அவருக்கு முன்னால் குறட்டை விட்டது.

இப்படிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்த ஒரு திங்கட்கிழமை காலையில்தான் 'போடி மூவர் மெத்தைக் கடை' முதலாளிகள் அவர் ஆபீசுக்குப் படியேறி வந்தார்கள். மூத்தவர் சுருளிநாதன். அவர் மச்சான் குபேந்திரன். தம்பி தவசி. ஆடிட்டர் சொன்ன சொல்லை மூவரும் மீற மாட்டார்கள். ஒரு எழுத்தைக் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். வில்லங்கமே அதுதான்.

அவர்கள் கையில் ஜி.எஸ்.டி. நோட்டீஸ். பஞ்சு அடிக்கிற மெஷின் வாங்கியபோது கட்டிய வரியை, மெத்தை விற்றுக் கட்ட வேண்டிய வரியில் கழித்திருந்தார்கள். கழிக்கலாம், தப்பில்லை. ஆனால் மெஷின் வாங்கிய பில்லை இன்னும் பதினைந்து நாளில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கழித்ததெல்லாம் வட்டியோடு போகும். அதைக் கட்ட மெஷினை விற்க வேண்டும். மெஷினை விற்றால் கடைக்குப் பூட்டு.

"அது வந்து சார், அந்தப் பில்லு..." என்று சுருளிநாதன் ஆரம்பித்தார்.

"வந்தும் வேணாம், போயும் வேணாம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பில் உங்ககிட்ட இருக்கா, இல்லையா?"

"இல்ல சார்."

"அப்ப மெஷின் வித்தவன்கிட்ட போங்க. அதே மாதிரி இன்னொரு பில் வாங்கிட்டு வாங்க."

மூன்றாம் நாள் பில்லோடு வந்துவிட்டார்கள். ஆடிட்டர் முகம் மலர்ந்தது. தேதியைப் பார்த்ததும் வாடியது.

"என்னய்யா, நேத்துத் தேதி போட்டிருக்கு?"

"நேத்துத்தானே சார் வாங்கினோம்," என்றான் தவசி.

"எதை?"

"மெஷினை. அதே மாதிரி இன்னொண்ணு. சரக்கு வாங்காம வெறும் பில் வாங்கினா தப்பு இல்லையா சார்?"

"மூணு வீட்டு நகையும் அடகுல இருக்கு," என்றார் குபேந்திரன் பெருமையாக.

"அடப்பாவிகளா, பழைய பில்லுக்கு நகல் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டோம் சார். அவங்க கம்ப்யூட்டர் எரிஞ்சுபோச்சாம். அந்த முதலாளி அழுதாரு. நாங்களும் கூட உக்காந்து அழுதுட்டு, அப்புறம்தான் புதுசு வாங்கினோம்."

ஆடிட்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பழைய மெஷின் உங்க கடைக்கு வந்து ஓடிட்டிருக்குங்கறதுக்காவது ஏதாவது ஆதாரத்தை என் மேஜை மேல வைங்க. கிளம்புங்க."

மறுநாள் காலை எட்டு சுமைதூக்கிகள் படியில் மூச்சு வாங்கினார்கள். நடுவில் பஞ்சு அடிக்கிற மெஷின். ஆபீஸ் வாசலில் ஆலோசனை நடந்தது.

"மாப்ள, மேஜைக்குப் பக்கத்துல இறக்குவோமா?"

"மேலன்னுதானே சார் சொன்னாரு, மச்சான்? பக்கத்துல வெச்சா பேச்சை மீறினதா ஆகும்."

"மேஜை தாங்குமாண்ணே?"

"தாங்கணும்னு சார் சொல்லலையே தம்பி."

மேஜை தாங்கவில்லை. ஆனால் மெஷின் சாய்ந்தபடியே அருமையாக ஓடியது. தவசி ஒரு மூட்டைப் பஞ்சை அதன் வாயில் கொட்ட, ஆபீஸ் முழுக்க வெள்ளை வெளேரென்று பறந்தது. டைப்பிஸ்ட் அக்கா பதினேழு தும்மல் போட்டார். (வேண்டாம், இன்னும் சிரிக்கக் கூடாது. ஆடிட்டருக்கு இன்னும் புரியவில்லை.)

தலை, மீசை, புருவமெல்லாம் பஞ்சாக ஆடிட்டர் தரையில் உட்கார்ந்தார்.

"பழைய பில்லைக் கடைசியா எங்கய்யா வெச்சீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான் வெச்சோம் சார்."

"நான் எப்பச் சொன்னேன்?"

தவசி நிமிர்ந்து நின்று, மூக்கால் பேசும் ஆடிட்டர் குரலை அப்படியே எடுத்துவிட்டான்: "'பில்லு மேல தண்ணி படப்படாது, கரையான் அரிக்கப்படாது, கண்டவன் கை படப்படாது. பஞ்சுல பொதிஞ்ச மாதிரி வெச்சுக்கணும்யா!'"

"அதனால?"

"பஞ்சுல பொதிஞ்சு, டபுள் மெத்தைக்குள்ள வெச்சு, நாலு பக்கமும் தைச்சோம்."

"அந்த மெத்தை எங்க?"

"வித்தாச்சு சார்."

"வித்துட்டீங்களா!"

"விக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே."

"யாருக்கு வித்தீங்க? பில் புக்கைப் பார்த்துச் சொல்லுங்க."

சுருளிநாதன் எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "பில் புக்குல இல்ல சார்."

"ஏன் இல்ல?"

"வாங்கினவரு பில் வேணாம்னுட்டாரு. பில் போட்டா வரி ஏறும், போடாம விலையைக் குறைங்கன்னு ஒரு மணி நேரம் நின்னாரு."

ஆடிட்டர் பஞ்சை உதறிக்கொண்டு துள்ளி எழுந்தார். "யார்யா அந்த அயோக்கியன்? ஒரு மெத்தைக்கு வரி கட்ட வலிக்குதா அவனுக்கு? அவன் பேரைச் சொல்லுங்க, இன்னிக்கு அவனை உண்டு இல்லைன்னு பண்றேன்!"

மூவரும் தலைகளை ஒட்டவைத்துக் குசுகுசுத்தார்கள். கடைசியில் குபேந்திரன் கைகட்டி முன்னால் வந்தார்.

"சார், அயோக்கியன் யாருக்கும் நாங்க விக்கலை. ஆறு மாசத்துக்கு முந்தி உங்களுக்குத்தான் வித்தோம்."

உலகநம்பியின் காதுக்குள் இடப்பக்கம் ஒரு சரசர. வலப்பக்கம் ஒரு சரசர. பொறியில் மாட்டிய கட்டைவிரல் தானாக வலித்தது.

"எலி இல்ல..." என்றார் மெதுவாக. பிறகு வீட்டில் இருக்கும் மனைவிக்கே கேட்கும்படி கத்தினார். "மங்களம், அது எலி இல்லடி! யோவ், இப்பவே மெத்தையைக் கடைக்கு அனுப்பறேன், வாங்கிப் பிரிச்சு பில்லை எடுங்க!"

சுருளிநாதன் வருத்தத்தோடு தலையாட்டினார்.

"மன்னிக்கணும் சார். பில் இல்லாம வர்ற மெத்தையைத் திருப்பி வாங்கக் கூடாதுன்னு நீங்கதான் போர்டு எழுதி மாட்டச் சொன்னீங்க."