பீர்க்கம்பூ அந்திக்குக் காத்திருந்த கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் பேசும். பூதான் அவற்றுக்குக் கண். பூ விரிந்திருக்கும் மட்டும் கொடியால் பார்க்க முடியும். பூ வாடிவிட்டால் காதால் கேட்பதோடு சரி. பீர்க்கங்கொடிகளெல்லாம் அப்போது காலையில் பூத்து, உச்சிப்பொழுதுக்குள் வாடிக்கொண்டிருந்தன.

ஒரு பாறைக் கரட்டின் அடிவாரத்தில் கிணறு வெட்டும் நாச்சிமுத்துவும் அவன் மனைவி வேலாத்தாளும் குடியிருந்தார்கள். அவர்களுடைய ஓலைக் கூரைமேல் ஒரு பீர்க்கு படர்ந்திருந்தது. அதன் அக்காளான நுரைப்பீர்க்கு வேலியில் படர்ந்திருந்தது. விடியுமுன்பே அவன் கிணற்றுக்கும் அவள் களையெடுக்கவும் போய்விடுவார்கள். பீர்க்கு கண் திறக்கும்போது சாத்திய கதவும் வெறும் வாசலும்தான் இருக்கும். பொழுது சாய்ந்தபின் ஆள் அரவம் கேட்கும். காலில் தண்ணீர் ஊற்றுவது கேட்கும், அடுப்பு ஊதுவது கேட்கும். அப்புறம் இருவரும் எதற்கோ சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எதற்கென்று தெரியாமல் பீர்க்குக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அக்காளிடம் கேட்டது. களி கிண்டித் தின்கிறவர்கள் வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது, பேசாமல் காய்க்கிற வழியைப் பார் என்றாள் அவள். பீர்க்கு கேட்கவில்லை. மறுநாள் கண் திறந்ததும் சூரியனிடமே கேட்டது, தன்னை அந்தியில் பூக்கவிடும்படி.

சூரியன் மறைக்காமல் சொன்னான்: "பூத்துக்கொள். ஆனால் ஒருமுறை மாற்றிக்கொண்டால் மாற்றியதுதான். அந்தியில் தேனீ கூட்டில் அடைந்துவிடும். தேனீ வராவிட்டால் பிஞ்சு நிற்காது. காய்க்காத கொடியைக் கூரைமேல் யார் வைத்திருப்பார்கள்?"

பீர்க்கு அன்றிரவெல்லாம் யோசித்தது. விடிந்ததும் மொட்டுகளை இறுக்கி மூடிக்கொண்டது. தேனீக்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு அக்காளிடம் போயின. வெயில் ஏற ஏற மொட்டெல்லாம் வெடித்துவிடும்போல் வலித்தது. ஆனாலும் திறக்கவில்லை. பொழுது சாய்ந்து, வாசலில் காலடி கேட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக விரித்தது.

நாச்சிமுத்து ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். பின்னால் நின்று வேலாத்தாள் அவன் தலையில் படிந்த மண்ணை மரச்சீப்பால் வாரி எடுத்துக்கொண்டிருந்தாள். சீப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நேத்து செவப்பா இருந்துச்சு. இன்னைக்கு வெள்ளையா வருதுங்க மாமா. பாறை தட்டிருச்சா?"

"தட்டிருச்சு புள்ள. இன்னும் நாலு முழம் போனா தண்ணிதான்."

"உங்க தலையில இருக்கற மண்ணுக்கு ரெண்டு அவரை வெதச்சாலே காய்ச்சிரும்போல."

இருவரும் சிரித்தார்கள். அவ்வளவுதான். இத்தனை நாள் கேட்ட சிரிப்பு இதற்குத்தான். பீர்க்குக்கு அது போதுமாக இருந்தது. ஒரு இதழைக்கூட அசைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது.

அப்போது வேலாத்தாள் தற்செயலாக நிமிர்ந்தாள். கூரை முழுக்க மஞ்சள். தன் கொடியில் வாடிய பூவைத் தவிர விரிந்த பூவை அவள் கண்டதில்லை. அடுப்பில் களி அடிப்பிடிப்பதையும் மறந்து இருவரும் இருட்டும்வரை அங்கேயே நின்றார்கள்.

பத்து நாள் இப்படியே போயிற்று. பூ நிறையப் பூத்தது. பிஞ்சு ஒன்றுகூட நிற்கவில்லை. வேலியில் அக்காளுக்குக் காய் தொங்கியது. ஒருநாள் நாச்சிமுத்து கொடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதை அறுத்துப் போட்டுவிட்டுச் சுரை வைக்கலாமா என்று கேட்டான். பீர்க்கு வேலாத்தாளையே பார்த்தது.

வேலாத்தாள் சீப்பைத் துடைத்துக் கொண்டையில் செருகினாள்.

"காய் சந்தையில கெடைக்குமுங்க. நாம ஓஞ்சு வர்ற நேரத்துக்கு முழிச்சிட்டு இருக்கறது இது ஒண்ணுதான். இருந்துட்டுப் போகட்டும்."

அவன் கூரை எரவாணத்தில் செருகியிருந்த அரிவாளை அப்படியே விட்டுவிட்டான்.

இருட்டிய பிறகும் பூவைப் பார்க்க, அன்று அவள் விளக்கேற்றி வெளியே கொண்டுவந்தாள். அந்த வெளிச்சத்துக்கு ஒரு சாம்பல்நிற அந்துப்பூச்சி பறந்து வந்தது. பகலில் ஓலை இடுக்கில் தூங்குகிற பிறவி அது. விரிந்த பூ ஒன்றை அது பார்த்ததே இல்லை. தயங்கித் தயங்கிப் பீர்க்கிடம் கேட்டது: "நான் தேனீ இல்லை. உட்காரலாமா?"

"உட்காரு," என்றது பீர்க்கு.

அது பூவுக்குப் பூ தாவித் தேன் குடித்தது. மூன்றாம் நாள் கூரையில் விரல் நீளத்துக்கு முதல் பிஞ்சு தொங்கியது. வேலாத்தாள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளே தவிர, பறிக்க மனம் வராமல் முற்றவிட்டு விதையெடுத்தாள். ஊரெல்லாம் கொடுத்தாள்.

நுரைப்பீர்க்கு இன்றைக்கும் காலையில்தான் பூக்கிறது. ஆனால் பீர்க்கு மட்டும் பகலெல்லாம் மூடிக்கிடந்து, வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் கூரைமேல் மஞ்சளாகக் கண் திறப்பது அன்று தொடங்கியதுதான்.