இரண்டு இழைகள்

"ஒரு புள்ளி எரிஞ்சு அணைஞ்ச பிறகுதான் இன்னொண்ணு எரியுது. எல்லாம் முடியற வரைக்கும் நான் தனியா இருட்டுல உக்காரணுமா மேடம்?" என்று கேட்டார் தேவசகாயம்.

"ஆமா சார்," என்றார் இசக்கியம்மாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நுண்ணோக்கி அறைக்கு இசக்கியம்மாள்தான் பொறுப்பு. தேவசகாயத்தைவிடப் பதினோரு வயது இளையவர்.

தேவசகாயம் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். ஆராய்ச்சிப் பட்டத்துக்காக விடுப்பு எடுத்துச் சென்னைக்கு வந்திருந்தார். அடுத்த மாதம் விடுப்பு முடிகிறது.

விடுதியில் அவர் தட்டோடு வந்தால் பையன்கள் மரியாதையாக எழுந்து இடம் கொடுப்பார்கள். பிறகு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். "பிரின்சிபால் வந்தாச்சுடா" என்று ஒருவன் சொல்வது கேட்கும்.

அவர் தேடியது நரம்பு செல்லுக்குள் ஓடும் இரண்டு நுண்ணிழைகளை. ஓரிடத்தில் அவை ஒன்றாக இணைகின்றன என்று நினைத்தார். பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

சாதாரண நுண்ணோக்கியில் அந்த இடம் ஒரே வெளிச்சப் பூச்சாகத் தெரியும். இது வேறு மாதிரி. இழைகளில் ஒட்டியிருக்கும் சாய மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக மின்னும். ஒவ்வொரு மின்னலின் நடுவையும் கணினி ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்ளும். லட்சக்கணக்கில் புள்ளிகள் சேர்ந்தால் படம்.

இரண்டாம் நாள் தேவசகாயம் சாயத்தை மின்ன வைக்கும் ஊதா லேசரைக் கூட்டினார். திரை முழுக்க ஒரே நேரத்தில் மின்னியது. ஐந்து மணி நேர வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

படத்தில் இழைகள் இணைந்திருந்தன.

அவர் மனைவிக்குப் போன் செய்தார்.

"அப்போ அடுத்த மாசம் வந்திருவீங்கல்லா?" என்று அவள் கேட்டாள்.

வருவதாகச் சொன்னார்.

பிறகு படத்தை இசக்கியம்மாளிடம் கொண்டுபோனார். இசக்கியம்மாள் படத்தை ஒரு தடவைதான் பார்த்தார். அது எந்தப் பதிவிலிருந்து வந்ததோ அதைத் திறந்து ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். இழைகள் இணையும் இடத்தில் பருத்த ஒரு வெளிச்சம்.

"இது எத்தனை சார்?"

"ஒண்ணு."

"கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுப்பீங்களா?"

"பதினாறு வருஷமா."

"ஒரு பெஞ்சுல இந்த ஓரத்துல ஒருத்தன், அந்த ஓரத்துல ஒருத்தன். ரெண்டு பேரும் சேர்ந்து 'பிரசென்ட் சார்'னு சொன்னா?"

"நடுவுல இருந்து சொன்ன மாதிரி கேக்கும்." தேவசகாயம் சிரித்தார். "நடுவுல உக்கார்ற பய லீவா இருப்பான். அவனுக்கு அட்டெண்டன்ஸ் விழுந்திரும்."

சிரிப்பு அப்படியே நின்றது.

 தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியருக்குப் படத்தை அனுப்பிவிட்டதாகவும் அவருக்குப் பிடித்துவிட்டதாகவும் சொன்னார். பதிவை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்றார்.

யாரும் பார்க்க மாட்டார்கள்தான் என்று இசக்கியம்மாள் ஒப்புக்கொண்டார்.

"அதே செல்லைத் திரும்ப எடுக்கலாமா?"

"அதுல இருந்த சாயம் எரிஞ்சு முடிஞ்சிருச்சு சார். இனிமே மின்னாது."

இன்னும் ஒரே ஒரு கண்ணாடித் தட்டில் செல்கள் மீதம் இருந்தன. இசக்கியம்மாள் அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தேவசகாயம் வெகுநேரம் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அதை நுண்ணோக்கியில் பொருத்தினார். ஊதா லேசரைக் குறைத்தார். விளக்கை அணைத்தார்.

கருந்திரையில் ஒரு புள்ளி. அணைந்தது.

எங்கோ தள்ளி இன்னொன்று. அதுவும் அணைந்தது.

நடந்தால் தரை அதிர்ந்து படம் கலங்கும் என்பதால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். காலை நீட்டவே அவருக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் மணி நேரத்தில் ஒரே இடத்தில் ஒரு புள்ளி நான்கு முறை மின்னியது. ஐந்தாவது முறைக்காக அவர் காத்திருந்தார்.

அது வரவில்லை.

மாலையில் இசக்கியம்மாள் கதவைத் திறந்தபோது படம் திரையில் இருந்தது. இரண்டு இழைகள். எங்கிருந்தோ நெருங்கி வந்தன. கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அப்படியே விலகிப் போய்விட்டன.

"சேரல மேடம்."

இடைவெளி எவ்வளவு என்று இசக்கியம்மாள் கேட்டார். அறுபது நானோமீட்டர் என்றார் தேவசகாயம். தலைமுடியின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன்னு வீட்டுல சொல்லிட்டேன். இப்ப ஒண்ணுமில்லன்னு எப்படிச் சொல்றது?"

இசக்கியம்மாள் குனிந்து, இரண்டு இழைகளுக்கும் நடுவில் இருந்த கருப்பின்மேல் விரலை வைத்தார்.

"உங்களுக்கு முன்னாடி இதை யாரு சார் பார்த்திருக்கா?"