மான் படுக்கட்டும்

"என் அம்பு தப்புறதில்ல, தாயி. ஆனா மான் கிடைக்கிறதில்ல."

வேங்கன் இதைச் சொன்னபோது சிலம்பி அருவிக்கரைப் பாறையில் உட்கார்ந்து ஓர் அம்புக்கு இறகு கட்டிக்கொண்டிருந்தாள். நாரின் ஒரு முனை அவள் பல்லிடுக்கில் இருந்தது.

அவளைவிட அவன் வயதில் மூத்தவன். தாடியில் பாதி நரைத்திருந்தது. ஆனாலும் மலையின் இந்தப் பக்கத்தில் வில்லைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் வருவார்கள். அவளுடைய அம்மா இருந்தவரை அம்மாவிடம் வந்தார்கள். இப்போது இவளிடம்.

அவன் நின்றுகொண்டே சொன்னான்.

இந்தக் கோடையில் அவன் எய்த மான்கள் எல்லாம் அடிபட்டன. எல்லாம் ஓடின. ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியாக எய்ததைத் தேனெடுக்கப் போனவர்கள் அடுத்த பள்ளத்தாக்கில் பார்த்தார்கள். கழுகு வட்டமிடுவதைப் பார்த்துத்தான் போயிருக்கிறார்கள். வயிறு ஊதி, நாற்றமெடுத்து, யாருக்கும் ஆகாமல் கிடந்தது.

ஊர் கூடிப் பேசியது. மழை இல்லை. தினை கருகிவிட்டது. கிழங்கு தோண்டித் தின்கிறார்கள். இந்த நேரத்தில் காட்டை வீணாக்குகிறவன் கையில் வில் இருக்கக் கூடாது என்றார்கள். இன்னும் ஒரு மான் இப்படிப் போனால் வில்லைக் கீழே வைத்துவிட வேண்டும்.

"வெச்சிடறேன். அது பரவாயில்ல. ஊர்ல குறி பார்த்து அடிக்கிற வில்லு இது ஒண்ணுதான். அதுக்கப்புறம் அவங்க எதைத் திம்பாங்க?"

சிலம்பி நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அடிபட்டதும் என்ன செய்வே?"

"ஓடுவேன். பின்னாலயே ஓடுவேன். அது தவிக்கிறப்போ சும்மா நிக்க எனக்கு மனசு வராது."

"எதுவரைக்கும்?"

"விழற வரைக்கும்."

"யாரு விழற வரைக்கும்?"

வேங்கன் அப்போதுதான் உட்கார்ந்தான்.

அவள் அம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தாள்.

"நாளைக்கு நானும் வரேண்ணே" என்றாள்.

*

விடிந்தது. ஆனால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. புல்மேடு முழுக்க மூடுபனி. மரங்கள் வேரில்லாமல் நின்றன. பக்கத்தில் குனிந்திருந்த சிலம்பிகூட யாரோ நினைத்துப் பார்க்கிற ஆள் மாதிரி இருந்தாள்.

கடமான் நடந்து வரவில்லை. பனி ஓரிடத்தில் கொஞ்சம் கறுத்தது. கறுத்த இடம் தலையை உயர்த்தியது. கொம்பு தெரிந்தது.

வேங்கன் எய்தான்.

மான் துள்ளவில்லை. முதுகை மட்டும் வளைத்தது, வயிற்றுவலிக்காரர்கள் குனிவதுபோல. சில அடி ஓடியது. பிறகு நடந்தது. நடந்தே மரங்களுக்குள் போய்விட்டது.

அவன் எழப் பார்த்தான். எழ முடியவில்லை. அவள் அவன் கணுக்காலைப் பிடித்திருந்தாள்.

"கடைசியா அசைஞ்ச செடி எது?"

"அந்த நெல்லி."

"நல்லாப் பாத்து வெச்சுக்கோ."

நெல்லிக்கிளை அசைந்து அடங்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அதன் பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். பிறகு சத்தமில்லாமல் போய் அம்பைத் தேடினார்கள். அது மானை ஊடுருவிப் போய்ப் புல்லில் குத்தி நின்றது.

அவள் பிடுங்கி அவனிடம் கொடுத்தாள். "மோந்து பாரு."

ரத்தம் குறைவு. தண்டு முழுக்கப் பச்சையாக ஏதோ வழவழத்தது. மென்ற புல் புளித்த வாசனை.

வேங்கனின் முகம் தொங்கிப்போனது.

"வயித்துல பட்டிருக்கு."

"ஆமா."

"பிழைக்காது."

"பிழைக்காது."

"அப்போ வா, போவோம்."

சிலம்பி ஒரு மரத்தடிக்குப் போனாள். சருகை ஒதுக்கிவிட்டு, உள்ளங்கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்து ஒருக்களித்துப் படுத்தாள்.

"தாயி, அது அங்க உயிரோட கிடந்து எரியுது."

"தெரியும்."

"எவ்வளவு நேரம் இருக்கணும்?"

"மான் படுக்கட்டும்."

"படுத்தப்புறம்?"

"எழுந்திரிக்காம இருக்கட்டும்."

அவள் கண்ணை மூடினாள். "போகணும்னா போ. நான் தடுக்கல. காலு உன்னோடது."

*

வேங்கன் போகவில்லை. உட்காரவும் இல்லை. மரத்தில் சாய்ந்து நெல்லியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பனி விலகும் என்று நினைத்தான். விலகவில்லை. அது மேலும் மேலும் இறங்கி, நெல்லி போய், புல்மேடு போய், கடைசியில் அவன் கையே அவனுக்கு மங்கலாகத் தெரிந்தது. எங்கோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

எப்போது கண் அயர்ந்தான் என்று அவனுக்குத் தெரியாது.

அவன் ஒரு புதருக்குள் படுத்துக் கிடந்தான். வயிற்றுக்குள் தீ. நாக்கு வறண்டிருந்தது. தீ அவனைப் பயமுறுத்தவில்லை. அது அவனோடு படுத்திருந்தது, அவ்வளவுதான். கீழே எங்கேயோ தண்ணீரின் வாசனை. கழுத்தைத் தரையில் வைத்தால் தூக்கம் வந்துவிடும். பெரிய தூக்கம்.

அப்போது பின்னால் ஒரு மூச்சு.

தலை தானாக நிமிர்ந்தது. உடம்பு முழுவதும் காதானது. மூச்சு நெருங்கியது. கால்கள் நாலும் அவனைக் கேட்காமலே வயிற்றுக்குக் கீழே மடங்கித் திரண்டன. மூச்சு நின்றது. கால்கள் தளர்ந்தன. கழுத்து மெல்ல இறங்கியது. தரையைத் தொடப்போகிற நேரம், மறுபடி அந்த மூச்சு. மறுபடி கால்கள் திரண்டன. எழுந்தால் தீ கிழிக்கும். எழாமலும் இருக்க முடியாது. அந்த மூச்சை அவனுக்குத் தெரியும். அது யாருடையது என்று பார்க்கத் திரும்பினான்.

விழித்தபோது அவன் நின்றுகொண்டிருந்தான். கையில் வில். மரத்தடியிலிருந்து சரிவில் கொஞ்ச தூரம் இறங்கியும் இருந்தான். எப்போது எழுந்தான், எப்படி நடந்தான், ஒன்றும் நினைவில்லை.

திரும்பிப் பார்த்தான். சிலம்பி படுத்தபடியே இருந்தாள். கண் மட்டும் திறந்திருந்தது. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை வில்லைக் கை எட்டாத இடத்தில் வைத்தான்.

*

பனி மேகமானதை இருவரும் கவனிக்கவில்லை. இடி உருண்டபோதுதான் தெரிந்தது.

ஊரில் இந்நேரம் எல்லோரும் வெளியே வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். எத்தனை மாதமாகக் கேட்ட மழை. மலையிலேயே அதை வேண்டாம் என்று நினைக்கிறவன் தான் ஒருவன்தான் என்று வேங்கனுக்குத் தோன்றியது.

"மழை வந்தா ரத்தம் அழிஞ்சிடும்."

"அழிஞ்சிடும்."

"இப்ப போகணுமா? இன்னும் இருக்கணுமா?"

சிலம்பி எழுந்து உட்கார்ந்து கூந்தலிலிருந்து ஒரு சருகை எடுத்துப் போட்டாள்.

"எனக்குத் தெரியல."

அவன் அவளையே பார்த்தான்.

"தெரியலயா? உன்கிட்ட கேக்கத்தானே நான் வந்தேன்?"

"எங்கம்மா இருந்து அவகிட்ட கேட்டிருந்தாலும் தெரியலன்னுதான் சொல்லியிருப்பா. மானு உன்னோடது."

முதல் துளி அவன் முழங்காலில் விழுந்தது.

இப்போதே போனால் தரையில் வழி இருக்கும். ஆனால் அந்த வழியின் முடிவில் இரண்டு காதுகள் விழித்திருந்தால், மான் எழுந்து மழைக்குள் போய்விடும். பிறகு கழுகுதான் சொல்ல வேண்டும். போகாவிட்டால் வழி இருக்காது. எங்கோ படுத்திருக்கிற ஒரு மான் மட்டும் இருக்கும்.

ஊரில் காத்திருக்கிற முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்களும் ஓடு, ஓடு என்றுதான் சொன்னார்கள்.

"இருப்போம்" என்றான். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

அவன் வில்லை எடுத்து நாணைக் கழற்றிச் சுருட்டி, இலையில் பொதிந்து, மடிக்குள் செருகிக்கொண்டான். மழை வந்தது.

அவர்கள் அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள். சரிவெல்லாம் வழிந்தது. அம்பின் பச்சை கரைந்து போனது. புல்லில் இருந்த ஒன்றிரண்டு சொட்டும் போயின. வேங்கன் அவை போவதைப் பார்த்தான். முதலில் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு மழையின் சத்தம் பெரிதாகி நெஞ்சின் சத்தம் அதற்குள் காணாமல் போனது. அவன் எதையும் எதிர்பார்க்கவில்லை. சிலம்பி இருப்பதுகூட மறந்துபோனது.

மழை மெலிந்து தூறலானது.

வேங்கன் கையைத் தரையில் வைத்தான். சருகை ஒரு பிடி எடுத்துக் கசக்கினான். அது சத்தம் போடவில்லை.

எழுந்தான். நாணை எடுத்து வில்லில் பூட்டினான்.

சிலம்பியும் எழுந்தாள். இப்போது அவள் அவனுக்குப் பின்னால் வந்தாள்.

*

நெல்லியடியில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கீழே பார்க்கவில்லை. நாக்கு வறண்டிருந்த அந்தக் கனவு இன்னும் வாயில் இருந்தது. காற்றில் தண்ணீரின் வாசனை எந்தப் பக்கம் என்று பார்த்தான். சரிவில் இறங்கினான். ஓர் அடி வைத்தான், நின்றான். மரங்கள் சொட்டின. இன்னொரு அடி. ஈரச்சருகு அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வெகுதூரம் போக வேண்டியிருக்கும் என்று நினைத்தான்.

ஓர் அம்பு பாயும் தூரம்கூட இல்லை.

ஓடையோரம் பெரணிப் புதருக்குள் கடமான் படுத்திருந்தது. வந்த வழியைப் பார்த்து, தலையை முன்னங்கால்மேல் வைத்து. கொம்பிலிருந்து நீர் சொட்டியது. விலா மெல்ல ஏறியது, நெடுநேரம் நின்றது, இறங்கியது.

காது ஒன்று அவன் பக்கம் திரும்பியது. கண்ணும் வந்தது. மான் எழவில்லை. எழ நினைக்கவும் இல்லை.

வேங்கன் பெரணிக்கு நடுவே மண்டியிட்டான். அம்பை நாணில் வைத்தான். பிறகு வில்லை மடியில் தாழ்த்திக்கொண்டு அமைதியாக உட்கார்ந்தான்.

மானின் விலா ஏறியது. இறங்கியது.

அவனுக்குள் பெரிய அமைதி. இத்தனை வருஷத்தில் ஒரு மானுக்கு முன்னால் அவன் இப்படி உட்கார்ந்ததில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தோன்றியது. தானும் காட்டில் ஒரு கல்லாகிவிட்டது போல, இதைக் கற்கத்தான் இவ்வளவு தூரம் வந்தது போல, ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

விலா ஏறியது. இறங்க வெகு நேரமானது.

பின்னால் சிலம்பியின் குரல் கேட்டது. காலையிலிருந்து முதல் தடவையாக அதில் அவசரம் இருந்தது.

"அண்ணே, இப்ப எதுக்குக் காத்திருக்கே?"

அவன் மடியிலிருந்த வில்லைப் பார்த்தான்.

திரும்பிப் பார்க்கவில்லை. வில்லை உயர்த்தினான். நாண் காதுவரை வந்தது. ஓசையைத் தூறல் வாங்கிக்கொண்டது.

மானின் தலை, யாரோ கையில் ஏந்தி இறக்குவதுபோல, மெல்லப் பெரணிமேல் சாய்ந்தது.