பத்து ஆம்பியர்

"பெரிய ஃபியூஸா ஒண்ணு குடுங்க டீச்சர். முப்பது ஆம்பியர்."

கேட்டவர் ஞானசிகாமணி. ஸ்ரீவைகுண்டத்தில் முப்பது வருஷமாக பைக் மெக்கானிக். தெருமுனையில் வரும் வண்டியின் சத்தத்தைக் கேட்டே இன்ஜினில் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

மின்சாரம் மட்டும் பிடிபடவில்லை. அதனால் ஐம்பத்தோரு வயதில் பாளையங்கோட்டைக்கு வந்து, செல்லக்கனியிடம் வயரிங் வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

செல்லக்கனிக்கு முப்பத்துமூன்று வயது. வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கடை. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் தொழில் கற்றுப் போனவர்கள் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

"எதுக்கு முப்பது?" என்றார் டீச்சர்.

ஞானசிகாமணி தன் வண்டியைக் காட்டினார். முன்னால் இரண்டு ஃபாக் லைட், ஜோடி ஹாரன், செல்போன் சார்ஜர். எல்லாம் அவரே மாட்டியது. ஒரு வயர்கூட வெளியே தெரியாது. ஆனால் ஒரு வாரத்தில் நாலு ஃபியூஸ் போய்விட்டது. இப்போது வருகிற சரக்கு சரியில்லை என்பது அவருடைய கட்சி.

டீச்சர் ஒரு முழ வயரை எடுத்தார். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நேராகக் கொடுத்தார்.

வயரின் மேல்தோல் குமிழியிட்டது. புகை வந்தது. உள்ளே கம்பி சிவந்தது.

இடுக்கியால் அதைத் தட்டிவிட்டுக் கேட்டார்:

"முப்பது போட்டா ஃபியூஸுக்கு முந்தி வயர்தான் இப்படி எரியும். உங்க வயர் எது வழியா போகுது அண்ணாச்சி?"

"டேங்குக்கு அடியில."

"பின்னாடி யாரு உக்காருவா?"

"வீட்டுக்காரி."

டீச்சர் ஒரு பத்து ஆம்பியர் ஃபியூஸை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

மாட்டியதை எல்லாம் கழற்றச் சொன்னார். வயரை மட்டும் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு அங்கேயே விடலாம். தினம் ஒன்றைச் சேர்த்து ஸ்ரீவைகுண்டம் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுதான் பாடம்.

ஞானசிகாமணிக்கு முகம் சுருங்கியது. வேலை தெரியாதவனைச் சோதிப்பதுபோல இருந்தது. ஆனாலும் கழற்றினார்.

முதல் நாள் மொட்டை வண்டியோடு ஊருக்குள் நுழைந்தார். டீக்கடையில் இருந்தவர்கள், லைட்டெல்லாம் எங்கே என்று கேட்டார்கள். வேலை நடக்கிறது என்று மட்டும் சொன்னார். ஃபியூஸ் போகவில்லை.

இரண்டாம் நாள் சார்ஜர். போகவில்லை.

மூன்றாம் நாள் ஹாரன். வழியெல்லாம் அடித்துக்கொண்டே போனார். போகவில்லை.

நாலாம் நாள் லைட். பட்டப்பகலில் எரியவிட்டபடி ஓட்டினார். இருபது மைல் ஒன்றும் ஆகவில்லை. தன் தெருவுக்குள் வண்டியை இடதுபக்கம் ஒடித்துத் திருப்பினார். லைட் அணைந்தது. ஃபியூஸ் போய்விட்டது.

வீட்டுக்காரி வாசலுக்கு வந்து, இதை அந்த டீச்சரிடமே கொண்டுபோய் விட்டுவிடுங்களேன் என்றாள்.

அவர் கேட்கவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். ஹேண்டிலை வலதுபக்கம் திருப்பினார். இடதுபக்கம் திருப்பினார். மறுபடி இடதுபக்கம். அந்தப் பக்கம் மட்டும் எதுவோ இறுக்கியது.

பிறகு டேங்கைக் கழற்றினார்.

ஹேண்டிலின் கழுத்தடியில் லைட் வயரை ஒரு பிளாஸ்டிக் பட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. ஹேண்டில் முழுக்க இடதுபக்கம் ஒடியும்போதெல்லாம் வயர் வண்டியின் சேஸிஸ் இரும்பில் நசுங்கியிருக்கிறது. தோல் கிழிந்து ஓர் அரிசி அகலத்துக்குச் செம்பு பளபளத்தது; அது இரும்பில் பட்டபோதெல்லாம் ஃபியூஸ் போயிருக்கிறது.

வயர் வெளியே தெரியக்கூடாது என்று அவர் கையால் போட்ட கட்டு அது.

அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கட்டை வெட்டினார். புண்பட்ட வயரை மாற்றினார். ஹேண்டில் எந்தப் பக்கம் போனாலும் இழுபடாதபடி தாராளமாக விட்டுக் கட்டினார். இப்போது வயர் கொஞ்சம் வெளியே தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் லைட் எரிய, ஹாரன் ஒலிக்க, பாளையங்கோட்டையில் வந்து நின்றார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். தோல் கிழிந்த வயரை எல்லோரும் பார்க்க மேஜைமேல் வைத்தார்.

"நான் போட்ட கட்டுதான் டீச்சர். என் கைதான்."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் வயரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ஞானசிகாமணிக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"முதல் நாளே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அங்கேயே காட்டியிருந்தா நாலு நாள் மிச்சமாயிருக்குமே?"

டீச்சர் வயரைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நீங்க கண்டுபிடிச்சதுதான்."